குளியலில் மிச்சமாகும் தண்ணீர் யாருக்குப் போகிறது? ஒரு பினாங்குக் கணக்கு

மலேசியாவின் பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு தொடங்கிய மழையில் தீவிலும், மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அதே மாநிலத்தில் 2024 ஜனவரி 10 முதல் 14 வரை சுமார் 5 லட்சத்து 90 ஆயிரம் பயனீட்டாளர்களுக்கு நீர் விநியோகம் தடைப்பட்டது. வானம் கொடுப்பது நின்றுபோனதால் அல்ல. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் கசிந்துகொண்டிருந்த, 1,200 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வால்வுகளை மாற்ற வேண்டியிருந்தது.

இத்தகைய தடை வரும்போதும், வறண்ட மாதங்களில் அணை நீர்மட்டம் இறங்கும்போதும் ஓர் அறிவுரை தவறாமல் வருகிறது: குளியல் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கேட்பவருக்கு நியாயமான சந்தேகங்கள் எழுகின்றன. இவ்வளவு மழை பெய்யும் ஊரில் எதற்கு இந்தச் சிக்கனம்? மாதக் கட்டணம் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைக்கூடத் தாண்டாதபோது எதை மிச்சப்படுத்துகிறோம்? குழாய்கள் கசிந்து வீணாகும் தண்ணீரை விட்டுவிட்டு, குளியலறைக்குள் வந்து கணக்குக் கேட்பது ஏன்?

இந்தக் கேள்விகளுக்கு விடை உண்டு. ஆனால் 'தண்ணீரைச் சேமிப்போம்' என்ற சுவரொட்டி வாசகத்தில் அது கிடைக்காது. மழை எங்கே விழுகிறது, குழாய் நீர் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## மழை வேறு, குழாய் நீர் வேறு

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவர்கள் அந்தப் பெயரைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. அந்த மலையருவியின் நீர்தான் ஒரு காலத்தில் ஜார்ஜ்டவுனின் குடிநீர். 1800களின் தொடக்கத்திலேயே மலையடிவாரத்திலிருந்து நகருக்குக் கால்வாய் கட்டி நீர் கொண்டுவந்தார்கள். சில ஆயிரம் பேர் வாழ்ந்த துறைமுகத்துக்கு அருவி போதுமானதாக இருந்தது. இன்றைய மாநிலத்தின் மக்கள் தொகை, 2020 கணக்கெடுப்பின்படி, சுமார் 17 லட்சத்து 40 ஆயிரம். பாயான் லெப்பாசிலும் செபராங் பிறையிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் தேவை.

இப்போது நம் குழாய்க்கு நீர் வந்து சேரும் வழி இதுதான்:

1. மாநிலத்தின் கச்சா நீரில், அதாவது சுத்திகரிக்கப்படாத நீரில், ஏறத்தாழ 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த ஆறு பிறப்பது அண்டை மாநிலமான கெடாவின் உலு மூடா காடுகளில். கடலை நெருங்கும் பகுதியில்தான் அது இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடுகிறது.
2. ஆற்றிலிருந்து இறைக்கப்படும் நீர் சுங்கை டுவா நிலையத்துக்கு வருகிறது. படிகாரம் சேர்த்து, கலங்கலைப் படியவைத்து, மணல் வழியாக வடிகட்டி, குளோரின் கலந்து அங்கிருந்து அனுப்புகிறார்கள்.
3. தீவுக்குச் செல்ல வேண்டிய பங்கு கடலடிக் குழாய்கள் வழியாகச் செல்கிறது.
4. மீதியைத் தருபவை அணைகளும் சிற்றாறுகளும். கெக் லோக் சி கோயிலுக்கு மேலே இருக்கும் ஆயர் ஈத்தாம் அணையின் கொள்ளளவு 260 கோடி லிட்டர். தெலுக் பாஹாங் அணையில் ஏறத்தாழ 1,800 கோடி லிட்டர் பிடிக்கும். விரிவாக்கப்பட்ட மெங்குவாங் அணை 8,640 கோடி லிட்டர் கொள்ளும். ஆனால் அது மூடா ஆற்று நீரை இறைத்துச் சேர்த்துவைக்கும் கிடங்கு. அதற்கென்று பெரிய ஆறு இல்லை.

ஆகவே தீவின் ஜெலுத்தோங்கில் கொட்டும் மழை ஜெலுத்தோங் மக்கள் குளிக்கும் தண்ணீராக மாறுவதில்லை. சாக்கடை வழியாகச் சீக்கிரமே கடலுக்குப் போய்விடுகிறது. கெடாவின் மலைகளில் மழை பெய்ய வேண்டும். அது அங்குள்ள நெல்வயல்களின் தேவைக்குப் போக ஆற்றில் மிஞ்ச வேண்டும். இந்த நீருக்காகத்தான் கெடா அரசு ஆண்டுக்கு 5 கோடி வெள்ளி கேட்டு வந்திருக்கிறது. பினாங்கு கொடுக்க மறுத்து வருகிறது. பேராக் ஆற்றிலிருந்து நீர் கொண்டுவரும் திட்டமும் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பேச்சிலேயே இருக்கிறது. ஒரே ஆறு, ஒரே பெரிய சுத்திகரிப்பு நிலையம். இரண்டு வால்வுகளைக் கழற்றினால் மாநிலமே வாளி தூக்குவது இதனால்தான்.

வறட்சி வரும் நேரமும் நமக்குச் சாதகமாக இல்லை. பினாங்கில் மழை குறைவது ஜனவரி, பிப்ரவரியில். தைப்பூசமும் அப்போதுதான் வருகிறது. சாலையோரம் தண்ணீர்ப் பந்தல்கள் நிறையும் வேளையில் அணைகளின் மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும்.

## ஒரு குளியலுக்கு எத்தனை லிட்டர்?

பெரும்பாலோர் நிமிடக் கணக்கில் நினைக்கிறார்கள். நிமிடம் பாதிக் கணக்குதான். மறுபாதி நீரோட்ட வேகம், அதாவது ஷவரிலிருந்து நிமிடத்துக்குக் கொட்டும் லிட்டர். அதை யாரும் அளப்பதில்லை, அளப்பது மிக எளிது என்றாலும்.

பெயிண்ட் வந்த காலி வாளி ஒன்று போதும். பல வீடுகளில் துணி ஊறவைக்க வைத்திருப்பார்களே, அந்த வெள்ளை வாளிதான். ஒரு லிட்டர் பாட்டிலால் பத்து முறை ஊற்றி, நீர் நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட வேண்டும். வாளியைக் காலி செய்து ஷவருக்குக் கீழே பிடித்து, வழக்கமாகக் குளிக்கும் அளவுக்குக் குழாயைத் திறந்து, கோட்டைத் தொட எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். 60 வினாடி ஆனால் நிமிடத்துக்கு 10 லிட்டர். இரண்டு நிமிடம் ஆனால் 5 லிட்டர். 40 வினாடியில் தொட்டுவிட்டால் நிமிடத்துக்கு 15 லிட்டர். தலைக்கு மேல் தட்டுபோல் தொங்கும் அகல ஷவர்களில் இது சாதாரணம்.

ஒரே வீட்டின் இரண்டு குளியலறைகளிலேயே இந்த எண் மாறும். ஹீட்டர் உள்ள அறையில் வேகம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். அதற்கு ஓர் இயற்பியல் காரணம் இருக்கிறது.

நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் உடனடி ஹீட்டர்கள் பெரும்பாலும் 3.6 கிலோவாட் திறன் கொண்டவை. 240 வோல்ட் மின்சாரத்தில் 15 ஆம்பியர் ஓடினால் கிடைப்பது அவ்வளவுதான். நம் ஊர்க் குழாய் நீரின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். இதமான குளியலுக்கு 38 டிகிரி வேண்டும். 11 டிகிரி ஏற்றுவதற்கு 3.6 கிலோவாட்டால் நிமிடத்துக்குச் சுமார் 4.7 லிட்டர் நீரைத்தான் சூடாக்க முடியும். குழாயை அதற்கு மேல் திறந்தால் தண்ணீர் கூடும், சூடு குறையும். பம்ப் வைத்த ஹீட்டரும் இந்த வரம்பை மீறாது. பம்ப் நீரைத் தள்ளுமே தவிர வெப்பத்தைக் கூட்டாது. உடனடி ஹீட்டரோடு அகல ஷவரை இணைத்துவிட்டு, 'சூடே ஏறவில்லை' என்று புதிய ஹீட்டர் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

சூடு வேண்டாதவர் குளிர்ந்த நீரில் 10 லிட்டர் வேகத்தில் எட்டு நிமிடம் நின்றால் 80 லிட்டர். ஹீட்டரில் குளிப்பவர் அதே எட்டு நிமிடத்தில் செலவழிப்பது 40 லிட்டருக்குக் குறைவு. வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்பவருக்கு 20 லிட்டர் வாளி ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தோட்டப்புறத்து லயன் வீடுகளில் பொதுக்குழாயிலிருந்து தூக்கி வந்த தண்ணீரில் வளர்ந்த தலைமுறைக்கு ஒரு வாளிக்குள் தலைமுழுகத் தெரியும். அவர்களிடம் போய்ச் சிக்கனம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான்.

நாம் குளிப்பதும் ஒரு முறையல்ல. வேலைக்குப் போகுமுன் ஒன்று, வியர்த்து வீடு திரும்பியதும் ஒன்று. விடுமுறை நாளில் உச்சி வெயிலுக்கு மூன்றாவது. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிவைத்த 'ஒருவருக்கு ஒரு குளியல்' கணக்கு இங்கே செல்லாது. நாளுக்கு இரண்டு முறை, எட்டு நிமிடம், நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று மிதமாகப் போட்டாலும் ஆளுக்கு 96 லிட்டர் ஆகிறது. பினாங்கில் வீட்டுப் பயன்பாடு நாளொன்றுக்கு ஆளுக்கு 280 லிட்டரை ஒட்டியே பல ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. நாட்டிலேயே மிக அதிகமான அளவுகளில் இது ஒன்று. அதில் மூன்றில் ஒரு பங்கு ஷவருக்கே போய்விடுகிறது. ஒப்பிட வேண்டுமானால், சிங்கப்பூரில் 2023இல் ஆளுக்கு 141 லிட்டர். அடிப்படைத் தேவைகளுக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு.

## கட்டணச் சீட்டில் ஏன் தெரிவதில்லை?

பினாங்கின் தண்ணீர் நாட்டிலேயே மலிவானது என்ற பெயர் நெடுங்காலமாக இருந்தது. முதல் 35,000 லிட்டருக்குச் சராசரியாக ஆயிரம் லிட்டர் 32 சென் என்ற நிலை 2024 தொடக்கம் வரை நீடித்தது. பிறகு விலை ஏறியது. ஏறிய பிறகும் நிலைமை எப்படி என்று பார்க்க, கணக்குக்காக ஆயிரம் லிட்டருக்கு ஒரு வெள்ளி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம்.

ஹீட்டரில் பத்து நிமிடக் குளியல் ஒன்றின் செலவு:

1. தண்ணீர்: 47 லிட்டர். மேற்சொன்ன தாராள விலையிலும் 5 சென்னுக்குள்.
2. மின்சாரம்: 3.6 கிலோவாட் பத்து நிமிடத்துக்கு ஓடினால் 0.6 யூனிட். 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டண அமைப்பில் மின்சாரம், கொள்திறன், மின்வலை ஆகிய மூன்று கட்டணங்களும் சேர்ந்து, மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு யூனிட்டுக்கு 44.43 சென். ஆக, சுமார் 27 சென்.

குளியல் விலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மின்சாரம். நாம் 'தண்ணீரைச் சேமியுங்கள்' என்கிறோம். மிச்சமாகும் பணமோ தெனாகா மின்கட்டணத்தில். நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு சூடான பத்து நிமிடக் குளியல் என்றால் மாதத்துக்கு 72 யூனிட். ஏறக்குறைய 32 வெள்ளி. ஐந்து நிமிடமாக்கினால் அதில் பாதி குறையும். 1,000 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு மின்சிக்கனச் சலுகையும் உண்டு. பயன்பாடு இறங்க இறங்க அதன் விகிதம் உயர்கிறது. எனவே துல்லியமான தொகை வீட்டுக்கு வீடு மாறும். அதே சிக்கனத்தால் தண்ணீர்க் கட்டணத்தில் மாதம் 3 வெள்ளி குறைந்தால் பெரிது.

கழிவுநீர்ப் பக்கமும் இப்படித்தான். கழிவுநீர்க் குழாய் இணைப்புள்ள வீடுகளில் குளித்த நீர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. தீவில் பெரும்பகுதிக்கு அது ஜெலுத்தோங் நிலையம். ஆனால் வீடுகளுக்கான இண்டா வாட்டர் கட்டணம் மாதத்துக்கு ஒரே தொகை. 50 லிட்டர் அனுப்பினாலும் 500 லிட்டர் அனுப்பினாலும் மாற்றமில்லை.

விலை மூலம் சிக்கனம் கற்பிக்க முயன்றதும் உண்டு. மாதம் 35,000 லிட்டரைத் தாண்டும் வீடுகளுக்கு நீர்ச்சிக்கனக் கூடுதல் கட்டணம் 2010இல் அறிமுகமானது. ஆளுக்கான பயன்பாட்டை அது பெரிதாக அசைக்கவில்லை. வியப்பில்லை. மாதத்தின் கடைசியில் சில வெள்ளி கூடியதைப் பார்த்து, அது எந்த நாள் யார் நின்ற நீண்ட குளியல் என்று யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்?

## அழுத்தம்: உண்மையான பயன் இருக்கும் இடம்

பணத்தில் தெரியாத பயன் வேறெங்கே இருக்கிறது என்றால், காலை ஆறரை மணிக்கு இருக்கிறது.

நீர் குழாயில் ஓடும்போது குழாய்ச் சுவரோடு உரசி அழுத்தத்தை இழக்கிறது. இதை அழுத்த இழப்பு என்பார்கள். இந்த இழப்பு ஓடும் நீரின் அளவோடு ஒரே வீதத்தில் ஏறுவதில்லை. கிட்டத்தட்ட அதன் வர்க்கமாக ஏறுகிறது. ஒரு தெருக் குழாயில் ஓட்டம் இரு மடங்கானால் அழுத்த இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. மறுபுறம், ஓட்டத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால் இழப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

அதனால்தான் விடியற்காலை மூன்று மணிக்குச் சீறும் குழாய், பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் நேரத்தில் நூலாக ஒழுகுகிறது. ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, நிலையத்திலும் இருக்கிறது. குழாயின் கடைக்கோடிக்குத் தள்ளும் வலு இல்லை. முதலில் அடிபடுபவை மேட்டுப்பகுதி வீடுகளும், விநியோகப் பாதையின் முடிவில் இருப்பவையும், தரைத்தொட்டி இல்லாத பழைய அடுக்குமாடிகளும். தாழ்வான பகுதியில், பெரிய குழாய்க்கு அருகில் இருப்பவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. அவர் நீட்டிய ஐந்து நிமிடம் அவருடைய சீட்டில் சில சென்னாக மட்டும் ஏறி, மேட்டில் இருப்பவரின் நூலாக முடிகிறது.

'எங்கள் வீட்டில் கூரைத்தொட்டி இருக்கிறதே, நாங்கள் அதிலிருந்துதானே குளிக்கிறோம்' என்று கேட்கலாம். சரிதான். ஆனால் மட்டம் சற்று இறங்கியவுடன் தொட்டியின் மிதவை வால்வு திறந்து தெருக்குழாயிலிருந்து நீரை இழுக்கத் தொடங்கிவிடும். தொட்டி உச்சநேரத்தைச் சற்று மழுங்கடிக்கிறது, அழித்துவிடுவதில்லை.

விநியோகத் தடைக்குப் பிறகு இதே விதிதான் பெரிய அளவில் வேலை செய்கிறது. காலியான குழாய்கள் நிரம்ப வேண்டும். காற்று வெளியேற வேண்டும். தண்ணீர் திரும்பிய செய்தி கேட்டதும் தாழ்வான இடங்களில் எல்லாரும் தொட்டி, வாளி, அண்டா எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிரப்புகிறார்கள். இரண்டு நாள் பாக்கியை நீண்ட குளியலாகத் தீர்த்துக்கொள்கிறார்கள். அழுத்தம் ஏறவிடாமல் செய்வது அதுதான். பழுது முடிந்தும் சில வட்டாரங்கள் மட்டும் இன்னொரு நாள் காத்திருப்பதற்கு அதிகாரிகளின் அலட்சியத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

தடை நாட்களில் கூரைத்தொட்டியே ஒரு வீட்டின் அணை. நூறு கேலன் தொட்டி ஒன்றில் சுமார் 455 லிட்டர் பிடிக்கும். நால்வர் உள்ள வீட்டில்:

1. 10 லிட்டர் வேகத்தில் பத்து நிமிடம், நாளுக்கு இருமுறை: 800 லிட்டர். முதல் நாள் மாலைக்குள் தொட்டி வறண்டுவிடும்.
2. 5 லிட்டர் வேகத்தில் ஐந்து நிமிடம், இருமுறை: 200 லிட்டர். குளியல் மட்டும் என்றால் இரண்டு நாள் தாண்டும்.
3. ஆளுக்கு ஒரு வாளி, இருமுறை: 160 லிட்டர். சமையலுக்கும் கழிவறைக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

நான்கு நாள் தடை என்று அறிவிப்பு வரும்போது மேலே சொன்ன மூன்றில் எந்த வீடு நம்முடையது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

## 'முதலில் குழாய்க் கசிவை அடையுங்கள்'

இது வெறும் சாக்கு அல்ல, நியாயமான மறுப்பு. சுத்திகரித்து அனுப்பிய பிறகு கசிவாலும் திருட்டாலும் மீட்டர் பிழையாலும் கணக்கில் வராமல் போகும் நீரை 'வருவாய் தராத நீர்' என்கிறார்கள். நாடு முழுவதுக்குமான சராசரி மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பினாங்கு நெடுநாளாக அந்தச் சராசரியைவிட நல்ல நிலையில் இருக்கிறது என்றாலும் இழப்பு இழப்புதான். குடிமக்கள் இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் இரண்டும் போட்டியல்ல. பழைய குழாயைத் தோண்டி மாற்ற ஆண்டுகளும் கோடிகளும் ஆகும். வறட்சி பிப்ரவரியில் வந்துவிடும். தொழிற்சாலைகள் பற்றியும் இதே பதில்தான். அவற்றின் மறுசுழற்சிக் கடமை தனி விவாதம்.

மாநிலக் கணக்கு இப்படி வருகிறது. எல்லாரும் ஒரு குளியலுக்கு மூன்று நிமிடம் குறைத்தால், நிமிடத்துக்கு 5 லிட்டர், நாளுக்கு இரண்டு குளியல்: ஆளுக்கு 30 லிட்டர். 17 லட்சத்து 40 ஆயிரம் பேருக்கு 5 கோடியே 20 லட்சம் லிட்டர். தொழிற்சாலைகளையும் சேர்த்து மாநிலம் நாளொன்றுக்குப் பயன்படுத்தும் 85 கோடிச் சொச்சம் லிட்டரில் இது 6 விழுக்காடு. ஐம்பது நாளில் ஆயர் ஈத்தாம் அணையின் முழுக் கொள்ளளவு. எல்லாரும் செய்யப்போவதில்லை என்பது தெரிந்ததே. பாதிப் பேர் செய்தாலும் வறண்ட ஒரு பருவத்தில் அரை அணை. புதிய அணை கட்ட இடம் தேடும் தீவில் இதை அற்பம் என்று தள்ள முடியாது.

## எது பலிக்கிறது, எது பலிப்பதில்லை

அறிவுரை அதிகம் பலிப்பதில்லை. கண்முன் தெரியும் எண் பலிக்கிறது. சூரிச்சில் 697 வீடுகளின் ஷவரில் சிறிய திரை ஒன்றைப் பொருத்தி, குளிக்கும்போதே எத்தனை லிட்டர் போயிற்று என்று காட்டினார்கள். யாரையும் குறைக்கச் சொல்லவில்லை. ஷவருக்கான ஆற்றல் செலவு 22 விழுக்காடு குறைந்தது. சிங்கப்பூரின் நீர் வாரியமும் இதே போன்ற கருவியைப் புதிய அடுக்குமாடி வீடுகளில் பொருத்தியது; ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் மிச்சமாகும் என்பது அவர்கள் கண்ட அளவு. 

நம் வீடுகளுக்குப் பொருந்துபவை, பயன் மிகுந்த வரிசையில்:

1. ஷவர் தலையை மாற்றுவது. ஒருமுறை வேலை, தினமும் மனவுறுதி தேவையில்லை. நீர் சேவைகளை ஒழுங்குபடுத்தும் ஸ்பான் ஆணையம் நீர்ச்சிக்கனப் பொருட்களுக்கு நட்சத்திரக் குறியீடு தருகிறது. நட்சத்திரம் கூடினால் நீர்ச் செலவு குறைவு. ஆனால் உடனடி ஹீட்டர் இருக்கும் அறையில் இதற்குக் காசு போடாதீர்கள். அங்கே ஹீட்டரே ஓட்டத்தை அடக்கி வைத்திருக்கிறது. வாளிச் சோதனையில் 8 லிட்டருக்கு மேல் காட்டும் குளிர்நீர் ஷவர்தான் மாற்ற வேண்டியது.
2. சோப்பு, ஷாம்பு தேய்க்கும்போது குழாயை மூடுவது. உடனடி ஹீட்டர் சில வினாடிகளில் மீண்டும் சூடாகிவிடும். மூடினால் சூடு போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை.
3. தொட்டி ஹீட்டர் வைத்திருப்பவர்கள் குழாயில் தேங்கிய குளிர்நீரைச் சூடு வரும்வரை வழியவிடுகிறார்கள். அடியில் ஒரு வாளி வைத்தால் மறுநாள் தரை கழுவ ஆகும்.

வியர்வைக்காகக் குளிப்பவர்களுக்கு ஒரு விவரம். உடம்பு குளிர்வது ஷவருக்குக் கீழே நிற்கும்போது மட்டும் அல்ல. வெளியே வந்தபின் தோலில் ஒட்டிய நீர் ஆவியாகும்போதும் குளிர்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக உடம்பிலிருந்து சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இரண்டு நிமிடம் நனைந்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே ஈரத்தோடு நின்றாலும் நன்றாகவே குளிரும்.

## இந்தக் கணக்கு பொருந்தாத இடங்கள்

ஏற்கெனவே வாளியில் குளிப்பவர்களிடம் குறைக்க ஒன்றுமில்லை. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுபவர்கள், படுக்கையில் இருப்பவரைத் துடைத்துவிடுபவர்கள், கட்டுமானத் தளத்திலிருந்தும் பட்டறையிலிருந்தும் எண்ணெயும் சிமெண்டும் படிந்து திரும்புபவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் என்பது சட்டமல்ல. நின்றுகொண்டே யோசனையில் ஆழ்ந்துபோகும் அடுத்த ஐந்து நிமிடத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

தீபாவளியன்றும் விதிவிலக்கு தேவை. தமிழர்கள் அதிகம் இருக்கும் ஓர் அடுக்குமாடியில் அன்று விடியுமுன் மாடிக்கு மாடி எண்ணெய்க் குளியல் நடக்கிறது. மொட்டைமாடித் தொட்டியை நிரப்பும் பம்ப் ஓயாமல் ஓடுகிறது. மேல்மாடியில் ஷவர் மெலிகிறது. நல்லெண்ணெயும் சீயக்காயும் ஐந்து நிமிடத்தில் தலையைவிட்டு இறங்குவதில்லை. பிள்ளைகளைப் பெரியவர்கள் நான்கரைக்கே எழுப்பிவிட்டால் கீழ்வீட்டுக்காரர்கள் எழும்போது தொட்டி மறுபடி நிரம்பியிருக்கும். சீயக்காய் ஊறும் நேரத்துக்குக் குழாயை மூடி வைக்கலாம்.